முதல் சாக்ஸபோனைத் தெரிவு செய்தல்



மாரியம்மன் ஆலயத் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் முழங்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காற்றுக் கருவியின் இனிமையை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அண்மைக் காலமாக நம் பிள்ளைகளின் நெஞ்சம் மற்றொரு காற்றுக் கருவியையும் நாடுகின்றது. பொன்னிறமாய் மின்னும் வளைந்த உடலும், மனிதக் குரலை ஒத்த ஒலியும் கொண்ட சாக்ஸபோனே அக்கருவி. ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் சிலர் அங்குள்ள வாத்தியக் குழுவில் அதனைக் கண்டு ஆசை கொள்கின்றனர். தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் கண்டு ஆசை கொள்வோரும் உளர்.

ஆசை எழுந்தவுடன், “எந்தச் சாக்ஸபோனை வாங்குவது?” என்னும் கேள்வி பெற்றோர் முன் வந்து நிற்கின்றது. இசை பயிலாத பெற்றோர்க்கு இக்கேள்வி இருட்டில் வழி தேடுவது போன்றதாகும். அவ்வழியில் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைப்பதே இப்பாடத்தின் நோக்கம். இதில் அடங்கியிருப்பது பணம் மட்டுமன்று. ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தானே கொள்ளும் மதிப்பும் இதில் அடங்கியுள்ளது. எவ்வாறெனப் பின்னர்க் காண்போம்.

கருவி பிறந்த வரலாறு

சாக்ஸபோன் என்னும் பெயர் அதனை உருவாக்கியவரின் பெயரால் அமைந்தது. அடோல்ப் சாக்ஸ் என்பார் 1814ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் தினான் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் இசைக்கருவிகள் செய்யும் தொழிலாளியே. தந்தையின் பட்டறையில் தொழில் கற்ற மகன், பித்தளைக் கருவிகளின் முழக்கத்தையும் மரக்குழல்களின் நெகிழ்ச்சியையும் ஒருங்கே கொண்ட புதிய கருவி ஒன்றைச் செய்ய விழைந்தார். பாரிசு நகரில் குடியேறி, 1846ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எனினும் அவர் செல்வராய் வாழவில்லை. வழக்குகளும் கடன்களும் அவரை வருத்தின. 1894ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் படைத்த கருவியோ உலகெங்கும் பரவிற்று.

அதனைக் கருநாடக இசைக்குரிய கருவியாகவும் ஆக்கிக் காட்டியவர் கத்ரி கோபால்நாத். கருநாடக மாநிலத்தில் 1949ஆம் ஆண்டு பிறந்த அவர் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மைந்தர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் ஒலிக்கக் கேட்டு, அதன்பால் உள்ளம் பறிகொடுத்தார். நம் இராகங்களின் கமகங்களை அக்கருவியில் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார். 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூயட்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தில் ஒலித்த அவருடைய வாசிப்பை இன்றும் மக்கள் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியார் 2019ஆம் ஆண்டு மறைந்தார். மேலை நாட்டுக் கருவி நம் இசைக்கு ஒவ்வாது என்று கூறுவோர்க்கு அவருடைய வாழ்வே விடையாகும்.

கருவியின் அமைப்பு

சாக்ஸபோனின் உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் இசை நூலோர் அதனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பர். காரணம் யாது? அதில் ஒலி பிறக்கும் முறையே காரணம். ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகளில் ஊதுபவரின் உதடுகள் அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. சாக்ஸபோனிலோ, ரீட் எனப்படும் மெல்லிய நாணல் தகடு அதிர்கின்றது. நம் நாகசுரத்தின் சீவாளியும் நாணல் இனத்தைச் சேர்ந்ததே. சீவாளியில் இரு இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தி அதிரும். சாக்ஸபோனில் ஒரே தகடு வாய்முனையின்மேல் பொருத்தப்பட்டு அதிரும். இரு கருவிகளின் உட்குழாயும் மேலே குறுகிக் கீழே செல்லச் செல்ல விரிவடைகின்றது. ஆகவே இவ்விரண்டும் தூரத்து உறவினர் எனக் கூறுதல் மிகையாகாது.

வாய்முனை, கழுத்துக்குழாய், உடல் என அதற்கு மூன்று பெரும் பகுதிகள் உண்டு. உடலில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் உள. அவற்றுட் பல நம் விரலால் மூட இயலாத அளவு பெரியவை. ஆகவே விசைகளை அழுத்தி, அவற்றின் மறுமுனையிலுள்ள மூடிகளால் துளைகளை மூடுகின்றோம். மூடியின் உட்புறம் தோல் போர்த்த சிறு மெத்தை ஒன்று உண்டு. காற்று கசியாமல் காப்பது அம்மெத்தையே. இச்செய்தியை மாணவர்கள் நன்கு நினைவில் இருத்துக. பின்னர்க் கூறவிருப்பவற்றுட் பாதி இம்மெத்தையைப் பற்றியதே.

நான்கு உடன்பிறப்புகள்

சாக்ஸபோன் குடும்பத்தில் இன்று மிகுதியாக வழங்குபவை நான்கு: சொப்ரானோ, ஆல்டோ, டெனோர், பாரிடோன். இவற்றுள் சொப்ரானோ சிறியது. சிறியதாகையால் சிறுவர்க்கு ஏற்றது எனச் சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. சொப்ரானோவில் சுருதி எளிதில் விலகும். பழகிய உதடுகளுக்கே அது கட்டுப்படும். பாரிடோனோ பெரியவர்களுக்கே பாரமானது. விலையும் மிக அதிகம்.

எஞ்சியவை ஆல்டோவும் டெனோரும். ஆல்டோவின் எடை ஏறத்தாழ இரண்டரை கிலோ. டெனோர் அதனினும் நீண்டது, கனத்தது; கூடுதலான மூச்சையும் வேண்டுவது. கழுத்தில் வார் மாட்டி நாள்தோறும் சுமக்க வேண்டிய பிள்ளைக்கு ஆல்டோவே தகுந்தது. தொடக்க மாணவர்க்கான பாடநூல்களும் ஆல்டோவுக்கு எளிதிற் கிடைக்கின்றன. பின்னாளில் டெனோருக்கு மாற விரும்பினால், விரல் வைப்பு முறை இரண்டிற்கும் ஒன்றேயாதலால் கற்றது வீணாகாது.

வயதைப் பற்றியும் ஒரு சொல். மேற்பற்கள் வாய்முனையின்மீது ஊன்றி நிற்க வேண்டியிருப்பதால், பாற்பற்கள் விழுந்து நிலையான முன்பற்கள் முளைத்திருத்தல் வேண்டும். கைவிரல்களும் போதிய நீளம் பெற்றிருத்தல் வேண்டும். பிள்ளையை நிற்க வைத்துக் கருவியை மாட்டிப் பாருங்கள். இரு கைகளின் சுண்டு விரல்களும் தமக்குரிய விசைகளை வலிந்து நீட்டாமல் எட்டுகின்றனவா எனக் காணுங்கள். எட்டாவிடில் ஓராண்டு பொறுத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. அவ்வோராண்டில் பள்ளி இசைப்பாடத்தில் பயிலும் ரெக்கார்டர் குழலை நன்கு வாசிக்கட்டும். இடக்கை மேலும் வலக்கை கீழும் அமையும் அப்பழக்கம் சாக்ஸபோனுக்கு நேரே துணைபுரியும்.

கூடம் கோணலாய் இருந்தால்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பழமொழி. தன் குறையை மறைக்கக் கருவியின்மேல் பழி போடாதே என்பது அதன் கருத்து. இப்பழமொழி வளர்ந்தவர்க்குப் பொருந்தும். புதிதாக இசை பயிலும் பிள்ளையிடமோ இது தலைகீழாக நிகழ்கின்றது. கூடம் மெய்யாகவே கோணலாய் இருக்கும். பிள்ளையோ, “எனக்கு ஆடத் தெரியவில்லை” என்று கண் கலங்கும்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். செம்பனைக் குலை அறுக்கும் தந்தை ஒருவர், பல மாதங்கள் சேமித்து, தம் மகனுக்குச் செந்நிறச் சாயம் பூசிய புதுச் சாக்ஸபோன் ஒன்றை வாங்கினார். பார்ப்பதற்கு அஃது அழகாகவே இருந்தது, விலையும் குறைவு. மூன்று மாதங்கள் சென்றும், கீழ்ச்சுரங்களுள் ஒன்றுகூட அப்பையனுக்கு எழவில்லை. ஊதினால் கரகரப்பும் கீச்சொலியுமே வந்தன. பையன் சோம்பேறி என்று தந்தை எண்ணினார். தனக்குத் திறமை இல்லை என்று பையன் எண்ணினான். இறுதியில், வாத்தியக் குழுவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அக்கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூன்று மூடிகள் துளைகளின்மேல் சரியாகப் படியவில்லை. காற்று அவ்வழியே கசிந்துகொண்டிருந்தது. அவர் தம்முடைய பழைய ஆல்டோவைப் பையனிடம் தந்து ஊதச் சொன்னார். மூன்று மாதமாக எழாத கீழ்ச்சுரம் அன்று முதல் மூச்சிலேயே எழுந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? தேர்ந்த கலைஞர் பழுதான கருவியை எடுத்தால், இரண்டு சுரம் ஊதுமுன் பழுது எங்கே என அறிந்துகொள்வார். தொடக்க மாணவனுக்கு அவ்வறிவு கிடையாது. குறை கருவியிலா, தன்னிடத்திலா எனப் பிரித்தறிய அவனால் இயலாது. ஆகவே எல்லாக் குறையையும் தன் தலைமேல் ஏற்றிக்கொள்வான். நாளடைவில், “எங்கள் பிள்ளைக்கு இசை வராது” என்று பெற்றோரும் கூறத் தொடங்குவர். “தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று பக்கத்து வீட்டாரும் கூறுவர். தேய்ந்த மெத்தை ஒன்று செய்த தவற்றிற்காக ஒரு பிள்ளை வாழ்நாள் முழுதும் தண்டனை பெறுகின்றது. இதனினும் கொடிய அநீதி வேறுண்டோ?

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இதனை நன்கு அறிவர். புதிதாகப் பால் வெட்டப் பழகுபவனிடம் மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டை சிதையும், மரத்தில் காயம் விழும், கற்பவனின் கையும் கெட்ட பழக்கத்தைக் கற்கும். அனுபவம் மிக்கவர் மழுங்கிய கத்தியைத் தீட்டிக்கொள்வார். கற்பவனுக்குத் தீட்டவும் தெரியாது. ஆகவே கற்பவனுக்கே நல்ல கத்தி வேண்டும். முதல் சாக்ஸபோனுக்கும் விதி இதுவே. அது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஊதுபவனிடம் பொய் சொல்லாததாக இருத்தல் வேண்டும்.

வாங்குவதா, இரவல் பெறுவதா?

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பெயர் பெற்ற நிறுவனத்தார் செய்யும் மாணவர்க்கான ஆல்டோவைப் புதிதாக வாங்கச் சென்றால், இச்சம்பளத்தில் இரண்டு மூன்று மாதத் தொகையும் போதாமற் போகலாம். ஆகவே கடைக்குச் செல்லுமுன் வேறு வழிகளை ஆராய்தல் அறிவுடைமை.

முதல் வழி இரவல். பிள்ளை சேரவிருக்கும் இடைநிலைப்பள்ளியில் வாத்தியக் குழு உண்டா, அங்குச் சாக்ஸபோன் இருக்கின்றதா, மாணவர்க்குப் பயில அதனைக் கொடுப்பார்களா எனக் கேட்டறிக. கேட்பதற்குக் கூச்சம் வேண்டா.

இரண்டாம் வழி வாடகை. நகரத்து இசைக்கருவிக் கடைகளிலும் இசைப் பள்ளிகளிலும் மாத வாடகைக்குக் கருவி கிடைக்குமா என விசாரிக்கலாம். பிள்ளையின் ஆர்வம் ஆறு மாதம் நிலைக்கின்றதா எனக் காண இவ்வழி உதவும். செலுத்திய வாடகையைப் பின்னர் விலையில் கழித்துக் கொள்வார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்க.

மூன்றாம் வழி, பிறர் பயன்படுத்திய நல்ல கருவி. ஜப்பானின் யமாஹா, தைவானின் ஜுபிடர் போன்ற நிறுவனங்களின் மாணவர் கருவிகள் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உளர். உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. பின்னாளில் விற்க நேர்ந்தாலும் போட்ட பணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். பெயரறியாத மிக மலிவான புதுக்கருவியைக் காட்டிலும், நன்கு பேணப்பட்ட இத்தகைய பழைய கருவி மேலானது என்பதே நம் கருத்து.

மலிவான கருவிகள் யாவும் தீயவை எனக் கூறுதல் நேர்மையன்று. இக்காலத்தில் அவற்றுட் சில முன்னினும் நன்றாகவே செய்யப்படுகின்றன. ஆயினும் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. சிலவற்றில் விசைகளின் உலோகம் மென்மையானது. சிறிது அழுத்தினாலே வளைந்துவிடும். வளைந்தால் மூடி துளையை விட்டு விலகும். பழுது பார்ப்பவர் பலர் அவற்றை ஏற்பதுமில்லை. இணையக் கடையில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது இக்காரணத்தாலேயே ஆபத்தானது. படம் ஒலி எழுப்பிக் காட்டாது அன்றோ?

மிகப் பழங்காலக் கருவிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இன்றைய வாத்தியக் குழுவின் சுருதியோடு சேராத கருவிகளும் அவற்றுள் உண்டு. அழகுப் பொருளாக அவை சிறந்தவை, மாணவனுக்கு உதவா.

சோதித்துப் பார்க்கும் முறை

கருவி வாங்கச் செல்லும்போது சாக்ஸபோன் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் இன்றியமையாதது. ஆசிரியர் இல்லாவிடில், வாத்தியக் குழுவில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் எவரேனும் அருகில் உளரா எனத் தேடுக. அவருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுத்து அழைத்துச் சென்றாலும் அஃது இலாபமே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். நாமோ உழைத்த பணத்தைக் கொடுத்து வாங்குகின்றோம். ஆகவே ஒவ்வொரு பல்லையும் பிடித்துப் பார்ப்போம்.

1. உடலை நீளவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு உண்டா எனக் காண்க. சிறு ஒடுக்குகள் பெருந்தீமை செய்யா. உடல் வளைந்திருந்தால் வாங்கற்க.

2. கழுத்துக்குழாயை உடலில் பொருத்தித் திருகினைச் சிறிது இறுக்குக. அது ஆடாமல் நிற்க வேண்டும். கழுத்துக்குழாயே கீழ்நோக்கி வளைந்துள்ளதா என்பதையும் காண்க. ஆடும் கழுத்து காற்றைக் கசியவிடும்.

3. விசைகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. மிகுதியாக ஆடினால் தேய்மானம் அதிகம் என்பது பொருள்.

4. மெத்தைகளை ஒவ்வொன்றாக நோக்குக. தோல் கிழிந்தோ, காய்ந்து விறைத்தோ, பூஞ்சை படிந்தோ இருந்தால் மாற்ற வேண்டியிருக்கும். எல்லா மெத்தைகளையும் மாற்றும் செலவு சில வேளைகளில் பழைய கருவியின் விலையையே எட்டிவிடும். அச்செலவையும் கூட்டியே விலையைக் கணக்கிடுக.

5. விசைகளைத் தூக்கி நிறுத்தும் ஊசி போன்ற எஃகு வில்களில் துரு உண்டா எனக் காண்க. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் துருவே முதற்பகை.

6. ஒளிச் சோதனை செய்க. இருட்டறையில் கருவியின் உடலுக்குள் மெல்லிய விளக்குச் சரம் ஒன்றை இறக்கி, விசைகளை மென்மையாக அழுத்துக. மூடியின் ஓரத்தில் ஒளி கசிந்தால், காற்றும் கசியும் என்று அறிக. அறிவியல் வகுப்பில் கற்கும் பாடம் வாழ்க்கையில் உதவும் இடங்களுள் இதுவும் ஒன்று.

7. இறுதியாக, உடன் வந்தவரை ஊதச் சொல்லுக. உச்சச்சுரங்களை வேகமாக ஊதிக் காட்டுவது சோதனை ஆகாது. மிகக் கீழ்ச்சுரங்களை மென்மையாக ஊதச் சொல்லுக. விரல்களை இறுக்கி நெரிக்காமல் அவை தெளிவாக எழுந்தால், மூடிகள் நன்கு படிகின்றன என நம்பலாம். கீழ்ச்சுரம் தடுமாறி மேற்சுரமாகத் தாவினால் எங்கோ கசிவு உண்டு.

கைப்பேசியிலுள்ள சுருதிச் செயலியைக் கொண்டு சுருதியையும் பார்க்கலாம். ஆனால் ஒன்றை அறிந்துகொள்க. ஆல்டோவில் ‘சி’ என்னும் சுரத்தை ஊதினால், செயலி அதனை ‘ஈ பிளாட்’ என்று காட்டும். அஃது அக்கருவியின் இயல்பு, பழுதன்று.

வாய்முனையும் நாணல் தகடும்

கருவியோடு வரும் வாய்முனை சில வேளைகளில் தரமற்றதாக இருக்கும். நல்ல கருவியையும் தீய வாய்முனை கெடுக்கும். சுமாரான கருவியையும் நல்ல வாய்முனை உயர்த்தும். தொடக்க மாணவர்க்கு நடுத்தரத் திறப்புடைய வாய்முனையே ஏற்றது. யமாஹா நிறுவனத்தின் ‘4சி’ என்னும் வாய்முனையைப் பல ஆசிரியர்கள் பரிந்துரைக்கின்றனர், விலையும் மிதமானது.

உயர்தர வாய்முனைகள் பல எபோனைட் என்னும் கரும்பொருளால் செய்யப்படுகின்றன. இயற்கை ரப்பருடன் மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் கிடைக்கும் கடினமான பொருளே அது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மங்கு மங்காக நம் முன்னோர் சேர்த்த பாலிலிருந்து, உலகின் ஏதோ ஓர் இசைக்கலைஞரின் வாய்முனை பிறந்திருக்கக்கூடும். சாக்ஸபோனை நமக்கு அயலானது என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

நாணல் தகடுகள் அவற்றின் விறைப்பிற்கேற்ப எண்ணிட்டு விற்கப்படுகின்றன. தொடக்கத்தில் ஒன்றரை அல்லது இரண்டு என்னும் எண்ணே போதும். எண் உயர்ந்தால் திறமையும் உயர்ந்தது என எண்ணுதல் தவறு. தகடு சில வாரங்களில் தளரும். நுனி உடைந்தால் உடனே பயனற்றுப் போகும். ஆகவே மூன்று தகடுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துக. இத்தொடர் செலவையும் பெற்றோர் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

பேணும் முறை

வாசிக்குமுன் வாயைக் கொப்பளித்தல் வேண்டும். இனிப்பு நீர் அருந்திவிட்டு ஊதினால் மெத்தைகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். வாசித்தபின் கயிறு கட்டிய துணியை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைக்க வேண்டும். நாணல் தகட்டைக் கழற்றி அதன் உறையில் வைக்க வேண்டும். ஈரமான துணியைக் கருவிப் பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சை வளரும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் மருந்தால் தேய்த்தல் கூடாது, மேற்பூச்சு அழியும். வெயிலில் நிற்கும் வாகனத்துள் விட்டுச் செல்லுதலும் தீது. ஆண்டிற்கொரு முறை பழுது பார்ப்பவரிடம் காட்டுதல் நன்று.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

பெற்றோர்களே! சாக்ஸபோனின் ஒலி பெரிது. நம் வீடுகளோ வரிசையாய் அமைந்தவை, சுவர்கள் மெல்லியவை. விடியுமுன் வேலைக்குச் செல்வோர் இரவில் விரைந்து உறங்குவர். ஆகவே மாலை வேளையில், இருட்டுமுன் பயிற்சியை முடித்துக்கொள்ளப் பழக்குக. இசைவு பெற்று ஆலய மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ பயில்வது மேலும் சிறப்பு. முதல் சில வாரங்கள் எழும் ஒலி இனிமையாக இராது. அப்போது பிள்ளையை நகையாடாதீர்கள். மூன்று மாதம் ஆகியும் முன்னேற்றம் காணாவிடில், பிள்ளையைக் கடியுமுன் கருவியைச் சோதியுங்கள். சோதித்து, கருவி நலமுடையது எனக் கண்டபின் பயிற்சியின் அளவைக் கேளுங்கள்.

மாணவர்களே! நல்ல கருவி கிடைத்தபின் சாக்குப்போக்குச் சொல்ல இடமில்லை. நாள்தோறும் இருபது நிமிடம் ஊதுபவன், வாரத்திற்கொரு முறை இரண்டு மணி நேரம் ஊதுபவனைக் காட்டிலும் விரைந்து முன்னேறுவான். முதலில் ஒரே சுரத்தை நீண்ட மூச்சில், நடுக்கமின்றி நிறுத்தப் பழகுக. பின்னர்ச் சுரவரிசை. பாடல் அதன்பின் தானே வரும். உங்கள் கழுத்தில் தொங்கும் கருவி, தந்தையும் தாயும் வெயிலிலும் மழையிலும் நின்று ஈட்டிய பொருள் என்பதை ஒருநாளும் மறவாதீர்.

சுருங்கக் கூறின், பிள்ளைக்கேற்ற ஆல்டோவாக இருக்கட்டும். இரவலோ வாடகையோ பழையதோ ஆயினும் காற்றுக் கசியாததாக இருக்கட்டும். அறிந்தவர் ஒருவர் ஊதிப் பார்த்ததாக இருக்கட்டும். கூடத்தை நேராக்கித் தருவது பெரியோர் கடமை. ஆடிக் காட்டுவது பிள்ளைகளின் கடமை. இருவரும் தத்தம் கடமையைச் செய்தால், நம் தோட்டத்து மாலைப் பொழுதுகளில் நல்லிசை எழும் என்பது திண்ணம்.

சிந்தனை வினாக்கள்

1. பித்தளையால் ஆன சாக்ஸபோனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பதற்குக் காரணம் யாது?

2. நாகசுரத்தின் சீவாளிக்கும் சாக்ஸபோனின் நாணல் தகட்டிற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளைக் கூறுக.

3. தொடக்க மாணவர்க்குச் சொப்ரானோவைக் காட்டிலும் ஆல்டோ ஏற்றது. ஏன்?

4. ஒளிச் சோதனையால் காற்றுக் கசிவை எவ்வாறு அறியலாம்?

5. பழுதான கருவி, தேர்ந்த கலைஞரைவிடத் தொடக்க மாணவனுக்கே மிகுந்த தீங்கு செய்கின்றது. இக்கூற்றை உம் சொந்த நடையில் விளக்கி, உம் வீட்டாரிடம் படித்துக் காட்டுக.